அழைத்து வரப் போகும்போதே அவள் ஊரையும் பார்த்துவிடலாமா?

2012 பிப்ரவரி 11 (வாசகர் கேள்வி)

அமெரிக்காவில் இருக்கிறோம். தத்தெடுக்க எங்களுக்குச் சீனாவிலிருந்து ஒரு குழந்தையை ஒதுக்கியிருக்கிறார்கள். ஜியாங்சி மாகாணம், இரண்டு வயதுப் பெண். உதட்டுப் பிளவுக்கு ஒரு அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது. ஏப்ரல் கடைசியில் பயணம். மாகாணத் தலைநகர் நான்சாங்கில் ஒரு வாரம் தங்க வேண்டுமாம். அந்த வாரத்தில் அவள் வளர்ந்த இல்லத்துக்கும் ஊருக்கும் போய்ப் பார்ப்பது நல்லதா? கணவர் போகலாம் என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. போய்வந்த அக்கா யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

பிப்ரவரி 11, இரவு

போகாதீர்கள்.

நாங்கள் போனது 2005 நவம்பர். அதே ஜியாங்சி, அதே நான்சாங். பெண்ணுக்குப் பதினோரு மாதம். திங்கட்கிழமை மதியம் ஒரு அரசு அலுவலகக் கூடம். ஆறு குடும்பங்கள் சுவரோரமாக நின்றோம். குழந்தைகளை வேனில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கொண்டுவந்திருந்தார்கள். எங்கள் பெயரைப் படித்ததும் ஒரு ஆயா வந்து குழந்தையை என் கையில் வைத்துவிட்டு நகர்ந்தார். அவள் நாற்பது நிமிடம் அழுதாள். பிறகு அழுகையை நிறுத்திவிட்டு என் தோளைத் தாண்டிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகையே தேவலை என்று இருந்தது.

மறுநாள் பதிவு. சிவப்பு மையில் எங்கள் கட்டைவிரல், அவளுடைய உள்ளங்கால். அதிகாரி மொழிபெயர்ப்பாளர் வழியாகக் கேட்டார்: இந்தக் குழந்தையைக் கைவிட மாட்டீர்கள், கொடுமை செய்ய மாட்டீர்கள் என்று உறுதி தருகிறீர்களா? என் கல்யாணத்தில்கூட யாரும் என்னிடம் இவ்வளவு நேராக எதையும் கேட்டதில்லை.

அதற்கப்புறம் குழந்தையின் சீன பாஸ்போர்ட் வரும்வரை காத்திருப்பு. நீங்கள் சொல்லும் "ஒரு வாரம்" அதுதான். அப்போதுதான் அவள் உங்கள் விரலைப் பிடிக்கத் தொடங்கியிருப்பாள். அந்த நேரத்தில் பழைய வாசலுக்கே கொண்டுபோய், பழைய முகங்களைக் காட்டி, திரும்பவும் வண்டியில் ஏற்றினால் என்ன நினைப்பாள்? பெற்றவளிடமிருந்து ஒரு பிரிவு, ஆயாவிடமிருந்து ஒரு பிரிவு. மூன்றாவதை நாமே செய்துவைக்க வேண்டுமா?

பெரியவளானதும் அவளே கேட்பாள். அப்போது எல்லோரும் சேர்ந்து போங்கள். ஊர் எங்கே ஓடிவிடப் போகிறது.

பிப்ரவரி 12

பயணத்துக்கு என்னென்ன எடுத்துப்போக வேண்டும் என்று தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். மற்றவர்களுக்கும் ஆகும் என்று இங்கேயே எழுதுகிறேன்.

பால். எங்கள் வீட்டுப் புத்தகங்கள் வெதுவெதுப்பாகக் கொடு என்றன. அவள் இரண்டு நாள் புட்டியைத் தட்டிவிட்டாள். துக்கத்தில் இருக்கிறாள் என்று நானும் சேர்ந்து அழுதேன். துக்கத்தில்தான் இருந்தாள். ஆனால் பாலும் அவளுக்கு ஆறிப்போயிருந்தது. வழிகாட்டிப் பெண் வந்து, நாம் காபி குடிக்கிற சூட்டில் கலக்கி, ரப்பர் காம்பின் ஓட்டையைக் கத்தரியால் பெரிதாக்கிக் கொடுத்தாள். மூன்று நிமிடத்தில் காலி. இல்லத்தில் என்ன சூட்டில், எவ்வளவு கெட்டியாகக் கொடுத்தார்கள் என்று முதல் நாளே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

உடை. நவம்பரில் ஒரு ஸ்வெட்டர் போதும் என்று நினைத்தேன். நான்சாங் வீதியில் நான்கு பாட்டிகள் வெவ்வேறு இடத்தில் நிறுத்தித் திட்டினார்கள். ஒருவர் குனிந்து அவள் பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னை முறைத்தார். மொழி தெரியாவிட்டால் என்ன, பாட்டி திட்டுகிறாள் என்பது எந்த ஊர்க்காரிக்கும் புரியும்.

பணம். இல்லத்துக்கான நன்கொடை 3,000 டாலர். புத்தம்புது நூறு டாலர் நோட்டுகளாக, மடிப்போ கிறுக்கலோ இல்லாமல் கொண்டுவரச் சொன்னார்கள். கணவர் இடுப்புப் பையில் கட்டிக்கொண்டார். விமானத்தில் தூங்கும்போதும் கை வயிற்றின் மேலேயே இருந்தது. விமானப் பணிப்பெண் வயிற்றுவலியா என்று கேட்டாள்.

நான்சாங்கில் பார்க்க: தெங்வாங் மாடம். கான் ஆற்றங்கரையில் இருக்கிறது, 653இல் கட்டியது. வேறு வேலையில்லாமல் மூன்று முறை போனோம். மூன்றாவது முறைதான் பலகையைப் படித்தோம்: இடிந்தும் எரிந்தும் திரும்பத் திரும்பக் கட்டி, இப்போது நிற்பது 29ஆவது, 1989இல் முடித்தது. "என்னைவிட இளையது, இதற்கா டிக்கெட்" என்றார் கணவர். பாயி பாலத்தின் முனைகளில் பிரம்மாண்டமான வெள்ளைப் பூனையும் கறுப்புப் பூனையும் உட்கார்ந்திருக்கும். எலியைப் பிடித்தால் போதும், பூனை என்ன நிறமாக இருந்தால் என்ன என்ற சீனத் தலைவர் டெங் சியாவோபிங்கின் பேச்சுக்காக வைத்தது. மகளுக்கு மாடம் பிடிக்கவில்லை, பூனை பிடித்தது.

பிப்ரவரி 12, பிற்பகல்

திருத்தம். இரண்டு பேர் சுட்டிக்காட்டிவிட்டார்கள். 3,000 டாலர் எங்கள் காலத்துக் கணக்கு, இப்போது 35,000 யுவான். விசாவும் மாறிவிட்டது. எங்கள் குழந்தைக்குக் கிடைத்த அமெரிக்க விசா வகை ஐஆர்-3. நாடு விட்டு நாடு தத்தெடுப்பதற்கான ஹேக் ஒப்பந்தத்துக்குள் அமெரிக்கா 2008 ஏப்ரலில் வந்தபிறகு உங்களுக்கு ஐஎச்-3. குடியுரிமை மட்டும் அப்படியேதான்: 2001 பிப்ரவரி 27 முதல் நடப்பில் உள்ள சட்டப்படி, விமான நிலையத்தில் முத்திரை விழுந்த கணமே குழந்தை அமெரிக்கக் குடிமகள். குவாங்சோவிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் விசாவோடு கொடுக்கும் ஒட்டிய உறையை வழியில் பிரிக்காதீர்கள். என் மாமியார் பிரிக்கப் போனார்.

குவாங்சோவில் தத்தெடுத்த குடும்பங்கள் வழக்கமாகத் தங்கும் ஒயிட் ஸ்வான் ஹோட்டலில் தங்க ஆசைப்பட்டால் முடியாது, பழுதுபார்ப்புக்காக மூடியிருக்கிறார்கள்.

பிப்ரவரி 15

முதல் பதிலைக் கணவர் படித்துவிட்டு, "நீ பயந்துபோனாய், அதை எழுது" என்றார். மூன்று நாள் பேசாமல் இருந்தேன். சரி, எழுதுகிறேன்.

அந்த வாரம் வியாழக்கிழமை வழிகாட்டி ஒரு வண்டி ஏற்பாடு செய்தாள். ஆறு குடும்பங்களில் ஒன்று மட்டும் ஊருக்குக் கிளம்பியது. எங்களையும் கேட்டார்கள். குழந்தைக்குச் சளி என்றேன். சளி இருந்தது, ஆனால் அந்தத் தளத்தில் இருந்த ஆறு குழந்தைகளுக்கும் சளிதான்.

உண்மையில் என்ன பயம்? அந்த ஊர்க் கடைத்தெருவில் ஒருத்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து "இது என் பிள்ளை" என்று சொல்லிவிடுவாளோ என்பது ஒன்று. இன்னொன்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது. அவள் வாழ்க்கை அந்தத் திங்கட்கிழமை மதியம்தான் தொடங்கியது என்று நான் நம்ப விரும்பினேன். அதற்கு முந்தைய பதினோரு மாதத்துக்குச் சுவரும் கூரையும் கட்டிலும் இருந்ததைப் பார்த்துவிட்டால் அப்புறம் அப்படி நம்ப முடியாது.

போய்வந்த குடும்பத்திடம் வாசலின் படம் இருக்கிறது. வரிசையாகக் கட்டில்கள் போட்ட அறையின் படம் இருக்கிறது. ஆயா தன் கையாலேயே எழுதிக்கொடுத்த பெயர் இருக்கிறது. எங்களிடம் என்ன? ஆயா அந்தக் கூடத்தில் ஒரு பை ஆரஞ்சு கொடுத்தார். எலுமிச்சையைவிடச் சற்றுப் பெரிய ஆரஞ்சுகள். ஹோட்டல் அறையில் தின்றுவிட்டுத் தோலைக் குப்பையில் போட்டோம். அவ்வளவுதான்.

ஆகவே, நான் சொன்னதைப் பாதியாக எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தையைக் கொண்டுபோக வேண்டாம் என்பதில் மாற்றமில்லை. உங்கள் கணவர் போகட்டும், நீங்கள் அறையில் குழந்தையோடு இருங்கள். கேமராவும் நோட்டும் கொடுத்தனுப்புங்கள். வாசலை மட்டும் படம் பிடித்தால் போதாது, வாசலில் நின்று எதிரே என்ன தெரிகிறதோ அதையும் பிடிக்க வேண்டும். உள்ளே இருந்தவள் பார்த்தது அதைத்தானே.

மார்ச் 3

"இந்தியாவிலேயே எத்தனையோ குழந்தைகள் இருக்க சீனா எதற்கு?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஏழு வருடமாகக் கல்யாண வீடுகளில் இதே கேள்விக்குப் பதில் சொல்லிக் களைத்துவிட்டேன். எங்கள் முகவர் இரண்டு நாடுகளுக்கும் காத்திருக்கும் காலத்தைச் சொன்னார், ஒன்று குறைவாக இருந்தது. அவ்வளவுதான் காரணம். உயர்ந்த காரணம் ஏதாவது இருந்திருந்தால் நான் இதற்குள் சொல்லிப் பெருமைப்பட்டிருக்க மாட்டேனா?

மார்ச் 20

கேள்வி கேட்டவருக்கு ஒரு விஷயம். தலைப்பில் "அவள் ஊர்" என்று எழுதியிருக்கிறீர்கள். நம் ஆட்களுக்கு முதல் கேள்வியே எந்த ஊர் என்பதுதான். ஆனால் இந்தக் குழந்தைகளின் சான்றிதழில் இருக்கும் ஊர் பிறந்த ஊர் இல்லை, கண்டெடுத்த ஊர். பிறந்த தேதியும் பல நேரம் இல்லத்தில் மருத்துவர் பார்த்துக் குத்துமதிப்பாகப் போட்டது. எங்கள் மகள் பிறந்தநாளைக் கொண்டாடுகிறோம், ஒரு வாரம் முன்பின் இருக்கலாம் என்பது அவளுக்கும் தெரியும். அதைச் சொல்லி வாரம் முழுக்கக் கேக் கேட்கிறாள்.

வெளிநாட்டுக்குக் கொடுப்பதற்கு முன் பெற்றோரைத் தேடி மாகாணச் செய்தித்தாளில் அறிவிப்புப் போட்டு 60 நாள் காத்திருக்க வேண்டும் என்பது விதி. தபால்தலை அளவுக்கு ஒரு படம், கிடைத்த தேதி, கிடைத்த இடம். பழைய தாள்களைச் சேகரித்து அந்தத் துண்டைத் தேடி விற்பவர்கள் இருக்கிறார்கள். போன வருடம் நாங்களும் வாங்கினோம். எங்கள் கையிலுள்ள முதல் படத்தைவிட அது ஐந்து மாதம் பழையது. குழந்தை கண்ணை இறுக்க மூடிக்கொண்டிருக்கிறது.

சான்றிதழில் "கிடைத்த இடம்: இல்லத்தின் வாசல்" என்று இருக்கிறது. அறிவிப்பில் ஒரு பாலத்தின் கிழக்கு முனை. எது சரி?

சின்ன விஷயம் இல்லை இது. சீனாவில் குழந்தையைக் கைவிடுவது குற்றம், சட்டப்படி ஒப்படைக்க நடைமுறையில் வழியும் இல்லை. அதனால் விடிவதற்கு முன் யார் கண்ணிலாவது படுகிற இடமாகப் பார்த்து வைத்துவிட்டுப் போவார்கள்: சந்தை, காவல் நிலையம், பாலம். அந்த இடம் ஒன்றுதான் பெற்றவள் தன் மகளுக்காகத் தேர்ந்தெடுத்ததாக நமக்குத் தெரிந்த விஷயம். அதையும் யாரோ ஒரு எழுத்தர் வசதிக்காக "வாசல்" என்று எழுதிவிட்டாரானால் என்ன செய்வது?

இதையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் திரும்பிய அதே நவம்பரில்தான் பக்கத்து மாகாணமான ஹூனானில், ஹெங்யாங் பகுதியில், இல்லங்கள் பணம் கொடுத்துக் குழந்தைகளை வாங்கிய விவகாரம் வெளியானது. மறு வருடம் தண்டனையும் கிடைத்தது. செய்தியைப் பாதி படித்துவிட்டுக் கணினியை அணைத்துவிட்டேன். போன வருடம் அதே ஹூனானின் லுங்குய் மாவட்டத்தில், குடும்பக் கட்டுப்பாட்டு அதிகாரிகள், அனுமதிக்கு மேல் பிள்ளை பெற்றதற்கான அபராதத்தைக் கட்டாத வீடுகளிலிருந்து குழந்தைகளை எடுத்துப்போனதைக் கைசின் பத்திரிகை எழுதியது. அதை முழுக்கப் படித்தேன். காகிதத்தில் இடம் மாறியிருந்தால் இப்போதெல்லாம் எழுத்தரின் சோம்பல் என்று மட்டும் நினைத்துக்கொள்ள முடியவில்லை.

மே 16

கேள்வி கேட்டவர் திரும்பி வந்துவிட்டார். கணவர் போனாராம். 212 படங்கள். வாசலுக்கு எதிரே சைக்கிள் பழுதுபார்க்கும் கடையாம். பொறாமையாக இருக்கிறது.

2014 ஜூலை 6

இழை தூங்கிப்போயிருக்கிறது. ஒரு கதை சொல்லி எழுப்புகிறேன்.

அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறார். சாப்பாட்டு மேசையில் என் அண்ணன் மகனைக் கேலி செய்து, "உன்னைத் தவிட்டுக்குத்தானேடா வாங்கினோம்" என்றார். நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்ததுதான். எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. மகளுக்கு ஒன்பது வயது. நிதானமாக, "தவிடு எவ்வளவு? என்னை 3,000 டாலருக்கு வாங்கினீர்களா?" என்றாள்.

இந்தப் பக்கத்தைத்தான் படித்திருக்கிறாள். தமிழ் வகுப்புக்கு அனுப்பியதன் பலன்.

அது இல்லத்துக்கு நன்கொடை, விலை இல்லை என்று நான் தடுமாறிக்கொண்டிருக்க, அம்மா தன் பெரியண்ணன் கதையை எடுத்தார். அவருக்கு முன்னால் இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. மூன்றாவதாகப் பிறந்தவரைக் குப்பைமேட்டில் போட்டு, பக்கத்து வீட்டுக்காரியை எடுக்கச் சொல்லி, ஒரு படி தவிடு கொடுத்து அவளிடமிருந்து வாங்கிக்கொண்டார்களாம். அதனால்தான் குப்புசாமி. எமனுக்கு இது யாருக்கும் வேண்டாத பிள்ளை என்று கணக்குக் காட்டுவதற்காக. மகள் வாய் திறந்து கேட்டாள். "அப்படியென்றால் அந்தத் தாத்தாவும் கண்டெடுத்தவரா?" ஆமாம் என்றார் அம்மா. அவர் எண்பத்தொரு வயதுவரை இருந்தார், எமன் மறந்தே போய்விட்டான்.

குப்புசாமி மாமாவின் படம் இப்போது அவள் அறையில் இருக்கிறது. நான் புத்தகம் புத்தகமாகப் படித்தும் என் வாயில் இப்படி ஒன்று வரவில்லை.

பி.கு: தொகைகளை இனி இங்கே எழுத மாட்டேன். அவள் ஊரின் பெயரையும் எழுத மாட்டேன், கேட்காதீர்கள். ஃபூசோ பக்கம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். மற்றதை வேண்டுமானால் அவள் சொல்லிக்கொள்ளட்டும்.

2017 ஆகஸ்ட் 27

நவம்பரில் போகிறோம். அவளே கேட்டாள்.

சீனாவில் பிறந்த குழந்தைக்கு முதல் முறை சீன விசா எடுக்கும்போது அவளுடைய பழைய சீன பாஸ்போர்ட்டையும் கேட்கிறார்கள். தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எங்களுடையது இரண்டு நாள் தேடிய பிறகு பார்பி பொம்மைப் பெட்டிக்குள் கிடைத்தது. ஒயிட் ஸ்வானில் தங்கிய குடும்பங்களுக்கு மேட்டல் நிறுவனம் கொடுத்த பொம்மை. பொன்னிற முடியோடு பார்பி, கையில் கறுப்பு முடிக் குழந்தை. எங்கள் வீட்டில் பாதிதான் பொருந்துகிறது.

பழைய கோப்பைப் பார்க்கவும் இல்லத்துக்குப் போகவும் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். வாங்கிவிட்டோம்.

2017 டிசம்பர் 9

திரும்பி வந்து ஒரு வாரம் ஆகிறது. நீளமாக இருக்கும்.

நான்சாங் ரயில் டிக்கெட்டிலேயே தொடங்கியது கூத்து. ஜியாங்சியில் ஒரு ஃபூசோ, ஃபூஜியான் மாகாணத்தில் கடலோரம் இன்னொரு ஃபூசோ. சீன எழுத்து வேறு, உச்சரிப்பில் ஏற்ற இறக்கம் வேறு, ஆனால் ஆங்கில எழுத்தில் ஒரே மாதிரி. இரண்டும் 2013இல் திறந்த அதே ரயில் பாதையில் இருக்கின்றன! ஹோட்டல் வரவேற்பில் இருந்த பெண் எங்களைக் கடற்கரைக்கு அனுப்பப் பார்த்தாள். வெளிநாட்டவர் கடல் பார்க்கத்தானே போவார்கள். மகள் வாரயிறுதி வகுப்புச் சீனத்தில் எழுத்தை எழுதிக்காட்டித் தடுத்தாள். தாங் சியான்சு ஊர் என்று சொல்லியிருந்தால் எடுத்த எடுப்பிலேயே புரிந்திருக்குமாம். 1550இல் பிறந்த நாடகாசிரியர். ஷேக்ஸ்பியர் இறந்த அதே 1616இல் இறந்தவர்.

2005இல் காரில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் என்று பயந்த தூரம், ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அங்கிருந்து வண்டி. ஜன்னலுக்கு வெளியே கற்பூர மரங்கள், அறுவடை முடிந்த வயல்கள், மூன்று மாடி வீடுகள். பாதி வீடுகள் பூட்டியிருந்தன. எல்லோரும் குவாங்டோங்கில் வேலைக்கு என்றார் ஓட்டுநர்.

இல்லம் ஊருக்கு வெளியே புதுக் கட்டடத்துக்கு மாறிவிட்டது. பழைய இடத்துக்குப் போனோம். இருபது மாடிக் குடியிருப்பு, கீழே ஒரு பல் மருத்துவமனை. வாசலும் இல்லை, வாசலின் எதிர்ப்பக்கமும் இல்லை, தெருவின் பெயர்கூட மாறியிருந்தது. "ஊர் எங்கே ஓடிவிடப் போகிறது" என்று மேலே எழுதியவள் நான்தான். ஓடிவிட்டது. அந்த இடத்தின் ஒரே படம் 2005இல் வியாழக்கிழமை போய்வந்த குடும்பத்திடம் இருப்பது. அன்றிரவே கேட்டு வாங்கினேன். அதில் ஒரு ஓரத்தில் நிற்கிற கற்பூர மரம் மட்டும் இன்னும் பல் மருத்துவமனைக்கு முன்னால் நிற்கிறது. மகள் படத்தையும் மரத்தையும் மாறிமாறிப் பார்த்து, கிளை பிரியும் இடத்தை வைத்து அதுதான் என்று உறுதி செய்தாள்.

புது இல்லத்தில் கோப்பைக் காட்டினார்கள். நான்கு தாள்கள். அதில் காவல் நிலையப் பதிவு ஒன்று, நாங்கள் அதுவரை பார்க்காதது. கிடைத்த இடம்: காய்கறிச் சந்தையின் வாயில். போச்சு, மூன்றாவது இடம் என்று நினைத்தேன். வழிகாட்டி முகவரியைப் படித்துவிட்டுச் சிரித்தாள். சந்தை இருப்பதே பாலத்தின் கிழக்கு முனையில்தான். ஆக, அறிவிப்பு சரி, சான்றிதழ்தான் தவறு. 2012இல் நான் எழுதியதற்கு இதுதான் பதில். அந்த எழுத்தரை மன்னித்துவிட்டேனா என்றால், பாதி.

ஆயா ஓய்வுபெற்று மகனோடு ஷென்ஜெனில் இருக்கிறார். வீடியோ அழைப்பில் பேசினோம். இவளை நினைவில்லை என்று நேராகவே சொல்லிவிட்டார். ஒரு ஷிஃப்டுக்குப் பத்துப் பன்னிரண்டு குழந்தைகள், ஒவ்வொரு சில மாதத்துக்கும் புதியவர்கள். அந்தக் குளிர்காலத்தில் துணி காயவே இல்லை என்பது நினைவிருக்கிறதாம். எனக்கு ஏமாற்றம். மகள் மட்டும், "நல்ல பாட்டி, பொய் சொல்லவில்லை" என்றாள்.

பிறகு பாலம். நான் கைக்குட்டையெல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து பத்து நிமிடம் போகிற வருகிற மின்சார ஸ்கூட்டர்களை எண்ணினாள். நூற்றுப் பதினேழு. பிறகு மெதுவாக, "அம்மா, கவனித்தாயா? என்னை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. உன்னைத்தான் பார்க்கிறார்கள்" என்றாள். உண்மைதான். சந்தைக்குப் போகிறவர்கள் பொட்டும் சடையுமாக நின்ற என்னை நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். எங்கள் ஊர்க் கடைகளில் பன்னிரண்டு வருடமாக அவள் வாங்கிக்கட்டிக்கொண்ட பார்வை அது. எனக்கு அரை மணி நேரத்திலேயே போதும் என்றாகிவிட்டது.

சந்தைக்குள் ஒரு கிழவி அவளிடம் உள்ளூர்ப் பேச்சில் ஏதோ கேட்டாள். வகுப்பில் படித்த சீனத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கான் மொழி என்றாள் வழிகாட்டி. பதில் வராததால் கோபித்துக்கொண்டு, அப்புறம் என்னையும் அவளையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, கை நிறைய ஆரஞ்சு அள்ளிக் கொடுத்தாள். எலுமிச்சையைவிடச் சற்றுப் பெரியது. அதேதான். தோலை நான் பையில் போட்டுக்கொண்டேன். விமான நிலையத்தில் பறித்துவிட்டார்கள்.

டிசம்பர் 10

விட்டுப்போனது. திரும்பும் வழியில் குவாங்சோவில் ஒயிட் ஸ்வானிலேயே தங்கினோம். 2015இல் மீண்டும் திறந்துவிட்டார்கள். கூடத்துக்குள்ளேயே பாறையிலிருந்து விழுகிற அருவி அப்படியே இருக்கிறது. 2005இல் அதன் முன்னால் நின்று படம் எடுத்திருக்கிறோம், பாறையில் ஏதோ சீன எழுத்து என்று விட்டுவிட்டோம். இந்த முறை மகள் படித்தாள்: "சொந்த ஊர்த் தண்ணீர்." வெளிநாட்டுச் சீனர்கள் ஊர் திரும்பும்போது பார்த்து உருகுவதற்காக வைத்தது. அதன் முன்னால்தான் நாங்கள் எல்லோரும் வரிசையாகப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஊரைவிட்டுக் கிளம்பியிருக்கிறோம். "ஜோக் புரிகிறதா அம்மா?" என்றாள்.

நான்சாங்கில் 160 மீட்டர் ராட்டினத்திலும் ஏறினோம். நாங்கள் முதலில் போனபோது இல்லை, மறு வருடம் திறந்தது. கொஞ்ச காலம் உலகத்திலேயே உயரமானதாம். உச்சியில் ஒன்றுமே தெரியவில்லை. பனிமூட்டம்.

2018 ஜனவரி 4

இரண்டு திருத்தம். ஆரஞ்சு என்று எழுதியதை ஒருவர் திருத்தியிருக்கிறார்: அது கமலா ஆரஞ்சு வகை, ஃபூசோவுக்குட்பட்ட நான்ஃபெங் மாவட்டத்துப் பழம், பேர்போனது. சரி.

மரபணுச் சோதனை செய்தீர்களா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். இல்லை. வீட்டுக்கு ஒரு குழந்தை என்ற விதி இருந்தபோதும், கிராமங்களில் முதல் குழந்தை பெண்ணானால் இரண்டாவது பெற்றுக்கொள்ளப் பல மாகாணங்கள் அனுமதித்தன. கைவிட்டது பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது பெண்ணைத்தான். அப்படியானால் அவளுக்கு ஒரு அக்கா இருக்க வாய்ப்பு அதிகம். இதை அவளிடம் சொல்லியிருக்கிறேன். எச்சிலைக் குழாயில் துப்புவதா வேண்டாமா என்பதை அவள் முடிவு செய்யட்டும். நான் அவசரப்படுத்தினால் அது என் தேடலாகிவிடும்.

2024 செப்டம்பர் 6

சீனா நிறுத்திவிட்டது. நேற்று வெளியுறவுத் துறைப் பேச்சாளர் அறிவித்தார். இனி வெளிநாட்டுத் தத்து கிடையாது, நெருங்கிய ரத்த உறவுகளும் மாற்றாந்தாய், மாற்றாந்தந்தையும் மட்டும் விதிவிலக்கு. 1992லிருந்து 1,60,000க்கும் மேற்பட்ட குழந்தைகள், அதில் பாதிக்கு மேல் அமெரிக்காவுக்கு. நாங்கள் போன 2005இல் அமெரிக்காவுக்கு மட்டும் ஏறக்குறைய 7,900. அதுதான் உச்சம்.

2020இல் கொரோனாவால் நின்றபோது ஏற்கெனவே ஒதுக்கப்பட்ட குழந்தைகள் இருந்தார்கள். படம் அனுப்பி, பெயர் வைத்து, அறைக்கு வண்ணம் அடித்த வீடுகள். நாலரை வருடம். அந்தப் பக்கமும் அம்மா அப்பா வருவார்கள் என்று சொல்லி வைத்த பிள்ளைகள் இருப்பார்கள். இதைப் பற்றி எழுத உட்கார்ந்து மூன்று முறை அழித்துவிட்டேன்.

மகளுக்கு இப்போது பத்தொன்பது. செய்தியை எனக்கு அனுப்பியதே அவள்தான். நிறுத்தியது நல்லதா கெட்டதா என்று கேட்டேன். "இரண்டும்" என்று ஒரு வார்த்தை. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று வந்தது: "எங்கள் கூட்டத்தில் இனி யாரும் புதிதாகச் சேர மாட்டார்கள்."

2024 அக்டோபர் 19

வரும் கோடையில் தனியாகப் போகிறாளாம். துணைக்கு வரட்டுமா என்றேன். வேண்டாம், நீ வந்தால் எல்லோரும் உன்னையே பார்ப்பார்கள் என்றாள். பழைய பாஸ்போர்ட்டை எடுத்து வைத்திருக்கிறேன், பார்பி பெட்டியையும் சேர்த்து. இன்று ரயில் டிக்கெட் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். எந்த ஃபூசோ என்று கேட்டேன். முறைத்தாள்.